குழி பின்னிய அண்ணாச்சி

நூல்கண்டு வாங்கி வந்து ஊரில் உள்ளவர்கள் பிள்ளைக்குத் தொப்பி பின்னுவார்கள், மேஜைக்கு விரிப்பு பின்னுவார்கள். நூல்கண்டு வாங்கி வந்து குழி பின்னிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரோடு ஏழு வருடம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவன் நான் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அவருடைய பெயரை வருகைப் பதிவேட்டில் தினமும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் இங்கே குழி அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். முழுப்பெயரைச் சொன்னால் அவர் வீட்டு அம்மாவே அரை நிமிடம் யோசிப்பார்.

ஏழாயிரம்பண்ணையைத் தாண்டி, புஞ்சைக் காடுகளுக்கு நடுவே இருக்கும் பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். நான் கேட் ஆபீஸ் குமாஸ்தா. யார், எத்தனை மணிக்கு உள்ளே போனார், எதை என் மேஜையில் விட்டுவிட்டுப் போனார் என்று எழுதுவது என் வேலை. பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் போகாது, தீப்பெட்டி போகாது, இரும்பு எந்த உருவத்திலும் போகாது. இரும்பு உரசிப் பொறி கிளம்பினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே கொண்டை ஊசி, சேஃப்டி பின், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவோம். வாங்கி வைப்பதில் அண்ணாச்சியைப் போலக் கறாரான போர்மேன் கிடையாது. முதலாளியின் சம்பந்தி ஒருமுறை கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, அவர் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, வேட்டி கட்டியிருந்தால் இந்தப் பிரச்சினை வந்திருக்காது என்று அறிவுரையும் சொன்னவர்.

அவர் பின்னலுக்கு வந்தது ஓர் ஆட்டினால். மோட்டார் சைக்கிளில் ஆலங்குளம் போய்த் திரும்பும்போது ஆடு குறுக்கே வந்தது. ஆடு பிழைத்தது. அண்ணாச்சிக்கு முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு, நாற்பத்தைந்து நாள் கட்டில் வாசம். அந்தச் சமயத்தில் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, டி.வி.க்கு குரோஷா ஊசியால் ஓர் உறை பின்னிக்கொண்டிருந்தார். பாதியில் இருக்கும்போதே மகன் பழைய டி.வி.யைக் கழித்துவிட்டு, சுவரில் மாட்டும் தட்டை டி.வி. வாங்கி வந்துவிட்டான். உறைக்கு வேலையில்லை. நூல் மிச்சம், ஊசி மிச்சம், அண்ணாச்சிக்கு நேரம் மிச்சம். பத்து நாளில் மதினியைவிட நன்றாகப் பின்னக் கற்றுக்கொண்டார். என்ன பின்னுவது என்றுதான் தெரியவில்லை.

கட்டுப் பிரித்த மறுநாள், கால் பழகட்டும் என்று வெம்பக்கோட்டைப் பக்கம் அகழாய்வு நடக்கும் மேட்டுக்குப் போனார். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் தோண்டி எடுத்த சங்கு வளையலையும் மணியையும் பானையையும் பார்ப்பார்கள். அண்ணாச்சி இரண்டு மணி நேரம் குழியைப் பார்த்தார். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர், கத்தியால் வெட்டிய மாதிரி நான்கு சுவர், சுவரில் கோடு கோடாக மண் அடுக்கு. வீட்டுக்கு வந்து நூலை எடுத்தார்.

“பொருளை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருவாக தம்பி. குழிய எங்கன வைப்பாக?” என்று என்னிடம் கேட்டார். அதற்கு முன்னால் அந்தக் கேள்வியே என்னிடம் இருந்ததில்லை.

கோயில் கோபுரம் ஒன்று பின்னிக் கொடுங்களேன் என்று கேட்டவர்கள் உண்டு. “கோபுரம் நின்னுக்கிட்டுத்தானே இருக்கு, வேணுங்கிற அன்னைக்குப் போய்ப் பாருங்க. சீசன் முடிஞ்சா குழிய மூடிருவாக. பெறகு யாரு பாப்பா?” என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

அவருடைய கணக்கு சுத்தமானது. தரையில் பத்து சென்டிமீட்டர் என்றால் நூலில் ஒரு கண்ணி. ஒரு பக்கச் சுவருக்கு ஐம்பது கண்ணி. சுவர் துவளாமல் நிற்க மைதாப் பசையில் முக்கிக் காயவைப்பார். முதல் குழியைக் கரப்பான் பூச்சிகள் ஒரே வாரத்தில் தின்று தீர்த்தன. அடுத்த குழிக்கு, பட்டாசுப் பசையில் கலப்பதைப் போல மயில்துத்தம் கலந்தார். கரப்பான்கள் ஆராய்ச்சியைக் கைவிட்டன. மூன்றாவது குழியில் வடக்குச் சுவரில் ஒரு கண்ணி கூடிவிட்டது என்று கண்டுபிடித்து, மூன்று வார வேலையை ஒரே உட்காரலில் பிரித்துப் போட்டார். உள்ளங்கை அகலக் குழிக்குள் பானை விளிம்பு, எலும்புத் துண்டு, ஏணி, எல்லைக் குச்சி எல்லாம் இருக்கும். ஒரு குழியின் கரையில் மிளகு அளவில் ஏதோ இருந்தது.

“இது என்ன அண்ணாச்சி?”

“டீ கிளாஸ். மண்ணு சுமக்குத ஆளு வச்சுட்டுப் போயிருந்தான்.”

“அதையுமா பின்னணும்?”

“இருந்துச்சு, பின்னுனேன். இல்லைன்னு நான் எப்படிச் சொல்ல?”

நூல் வாங்க விருதுநகர் பஜாருக்குப் போவார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் கலர் அட்டையை விரித்து வைத்தார்.

“என்ன கலர் வேணும்?”

“செவல் மண்ணு கலர்.”

“செவப்பா, மெரூனா, செங்கல் கலரா?”

“ஆமத்தூர் தாண்டி பஸ்ஸு போகும்போது இடது பக்கம் ஒரு ஓடைக்கரை தெரியுமே, அது.”

“மழைக்கு முன்னாலயா, பின்னாலயா?” என்றார் கடைக்காரர், கிண்டலாக.

“பின்னால. ரெண்டாவது நாளு” என்றார் அண்ணாச்சி, கிண்டலே தெரியாமல். கடைக்காரர் அட்டையை மடித்துவிட்டு, “நீங்களே உள்ள வந்து தேடிக்கிடுங்க” என்று விலகி நின்றார். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் தேடினார். கிடைத்தது.

இந்தப் பின்னல் கம்பெனிக்கு வந்த நாள்தான் வேடிக்கை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பின்னலாம் என்று ஊசியைச் சட்டைப் பையில் போட்டு வந்தவர், மறந்துபோய் அப்படியே உள்ளே நுழையப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்றது பாண்டியம்மா. சரவெடி பின்னுவதில் கம்பெனியிலேயே வேகமான கை, அதைவிட வேகமான வாய். முந்தின நாள்தான் அவள் தலையிலிருந்து இரண்டு கொண்டை ஊசிகளை அண்ணாச்சி பிடுங்கியிருந்தார்.

“நில்லுங்க அண்ணாச்சி. எங்க ஊசி இரும்பு, உங்க ஊசி என்ன கரும்பா?”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் என் மேஜை ஆடியது. அண்ணாச்சி ஊசியை எடுத்துப் பார்த்தார். முகம் கறுத்துப்போனது. என் முன்னால் வைத்து, “எழுதுங்க தம்பி. போர்மேன். கொக்கி ஊசி, இரும்பு, ஒண்ணு. தவறுன்னும் எழுதுங்க” என்றார். தவறு என்று எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை. கோடு போட்டு ஒரு கட்டம் உண்டாக்கச் சொன்னார். உண்டாக்கினேன். அந்த ஏழு வருடத்தில் அந்தக் கட்டத்தில் ஏறியது அவர் பெயர் மட்டும்தான்.

அடுத்த வாரம் பாத்திரக்காரரிடம் சொல்லிப் பித்தளையில் ஊசி செய்துகொண்டு வந்தார். “பித்தளைன்னா உள்ள விடலாம்ல அண்ணாச்சி?” என்று பாண்டியம்மாவே இறங்கி வந்தாள். “வேலைக்கு இல்லாத சாமான் எதுவும் உள்ள போகப்படாது” என்று சொல்லி அதையும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பிறகு பித்தளை எதற்கு என்று நான் கேட்டேன். “எனக்கு ஒரு தைரியத்துக்கு” என்றார்.

இனி அந்தத் தீபாவளி சீசனுக்கு வருகிறேன்.

அந்த வருடம் மேட்டில் அவர் பின்னிக்கொண்டிருந்த குழி, அவர் கணக்கில் ஏழாவது. ஒவ்வொரு ஞாயிறும் போய், கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்து, அளவைக் கேட்டு எழுதி வருவார். அங்கே பொறுப்பில் இருந்த மேடம் சின்ன வயது. முதலில் இவரைக் கண்டு எரிச்சல்பட்டு, பிறகு இவர் வராத ஞாயிறு எரிச்சல்படும் நிலைக்கு வந்திருந்தார். படம் எடுக்கக் கூடாது என்று அங்கே போர்டு இருந்தது. அண்ணாச்சிக்கு போர்டு என்றால் வேதம். செல்போனை பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையிலேயே கொடுத்துவிட்டுத்தான் மேடு ஏறுவார்.

சுவர், தரை, எல்லாம் முடிந்துவிட்டது. வடமேற்கு மூலை மட்டும் பாக்கி. அங்கே இன்னும் தோண்டவில்லை. அதற்குள் கம்பெனியில் சீசன் சூடுபிடித்து, ஞாயிறும் வேலை என்று ஆகிவிட்டது. அண்ணாச்சியால் நகர முடியவில்லை.

ஒரு புதன்கிழமை காலை பாண்டியம்மா கேட்டில் நின்று சொன்னாள். அவளுடைய தங்கச்சி அந்த மேட்டில் மண் சுமக்கிறாள். “அண்ணாச்சி, உங்க மூலையில மூணு பானை வந்திருக்காம். வரிசையா. ஒண்ணு சாஞ்சு கெடக்காம். வெள்ளிக்கிழமை குழிய மூடுதாகளாம். மழைக்கு முன்னால நெலத்துக்காரருக்கு வெதைக்கணுமாம்ல.”

அண்ணாச்சி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பின்னவும் இல்லை. வேப்பமரத்தடியில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

“ஒரு நாள் லீவு கேளுங்களேன்” என்றேன்.

“இன்னொரு போர்மேன் மஞ்சக்காமாலையில படுத்திருக்காரு. போர்மேன் இல்லாம ஒரு ஷெட்டையும் தெறக்கப்படாது. நான் குழி பாக்கப் போனா நூத்தியிருவது பேரு கூலிய அந்தக் குழியில போட்டு மூடணும். அது ஆகாது தம்பி.”

சாயங்காலம் போகலாம் என்றால், ஷெட்டுகளைச் சுத்தம் பார்த்து, எண்ணிப் பூட்டிவிட்டு அவர் கிளம்பும்போது இருட்டிவிடும். நான்கு மணி வேனில் போகும் பெண்கள் வெளிச்சத்திலேயே ஊர் சேர்ந்துவிடுவார்கள்; அவர் அப்படிப் போக முடியாது.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் ஒரு விதி உண்டு: இடி இடித்தால் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, எல்லோரும் ஷெட்டை விட்டு வெளியேறிக் கேட்டுக்கு வந்துவிட வேண்டும். மழை காலத்தில் அப்படி வந்தால் பெரும்பாலும் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போர்மேனும் வீட்டுக்குப் போகலாம்.

பாண்டியம்மா முதலில் ஷெட்டை விட்டு வெளியே வந்தாள். “அண்ணாச்சி, இடி இடிக்கு!”

அடுத்த ஷெட்டிலிருந்து நான்கு பேர். “ஆமா அண்ணாச்சி, நாங்களும் கேட்டோம்!” அதற்கடுத்த ஷெட், அதற்கடுத்த ஷெட். ஐந்து நிமிடத்தில் நூற்றுச் சொச்சம் பேர் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில். காதில் விரல் வைத்துக்கொண்டு நின்றவர்களும் உண்டு.

நான் வானத்தைப் பார்த்தேன். துவைத்துக் காயப்போட்ட நீல வேட்டி மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மேகம் கிடையாது. கொக்குகள் கூட நிதானமாகப் போய்க்கொண்டிருந்தன.

அண்ணாச்சி இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“எங்கன இடிச்சது?”

“ஏழாயிரம்பண்ணைப் பக்கம்” என்றாள் ஒருத்தி.

“இல்ல, சாத்தூர்ப் பக்கம்” என்றாள் இன்னொருத்தி.

“ரெண்டு பக்கமும் இடிச்சது அண்ணாச்சி” என்று பாண்டியம்மா சமாதானம் செய்துவைத்தாள். “பலத்த இடி. நீங்க பூட்டிட்டுக் கெளம்புங்க. மேட்டுக்குப் போக ரெண்டே முக்காலுக்கு பஸ்ஸு இருக்கு.”

பஸ் நேரத்தைச் சொன்னதில்தான் அவள் சறுக்கினாள். அண்ணாச்சிக்கு விளங்கிவிட்டது. சீசன் நேரத்தில் அரை நாள் கூலி என்றால் அந்தப் பெண்களுக்கு என்ன என்பது, தினமும் அவர்களோடு இருப்பவருக்குத் தெரியாததல்ல. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஏத்தா பாண்டியம்மா. இல்லாத இடிக்கு இன்னைக்கு நிறுத்திட்டேன்னு வையி. நாளைக்கு நெசமா இடிக்கும்போது ‘வெளிய வாங்க’ன்னு நான் கத்துனா, உங்கள்ல ஒருத்தி, ஒரே ஒருத்தி, ‘அண்ணாச்சி சோலியா எங்கயோ கெளம்புதாரு’ன்னு உள்ளயே உக்காந்திருந்தா?”

காதில் விரல் வைத்திருந்தவர்கள் விரலை எடுத்தார்கள்.

“போங்க. போய்ச் சோலியப் பாருங்க.”

எல்லோரும் திரும்பிப் போனார்கள். பாண்டியம்மா மட்டும் போகும்போது, “மனுசனுக்கு நல்லது செய்ய வந்தா அதுக்கும் சட்டம் பேசுதாரு” என்று வேப்பமரத்திடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை. மேட்டில் மண் தள்ள ஆரம்பித்திருப்பார்கள். அண்ணாச்சி என் மேஜைக்குப் பக்கத்தில், சவரம் செய்யாத முகத்தோடு, ஒவ்வொருவராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். பாண்டியம்மாவும் இன்னும் நான்கு பேரும் வந்து நின்றார்கள். அவள் இடுப்பில் செருகியிருந்த ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“இந்தாங்க அண்ணாச்சி. உங்க மூலை.”

பிரித்தார். உள்ளே ஒரு பாவாடை நாடா. புதுசு. ஆங்காங்கே முடிச்சு.

அண்ணாச்சி அதைத் தொடலாமா என்று என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

“கடையில வாங்குனதுதான், கட்டுனது இல்ல. கூச்சப்படாம எடுங்க” என்றாள் பாண்டியம்மா. “நேத்து வேனை மேட்டுப் பக்கம் விடச் சொல்லி அஞ்சு பேரும் எறங்குனோம். மேடம்கிட்ட கேட்டு, எந்தங்கச்சியும் நானும் உள்ள எறங்கி அளந்தோம். மொத முடிச்சு மேக்கால சொவரு. ரெண்டாவது முடிச்சு, சாஞ்ச பானை. பெறகு நடுப்பானை. பெறகு கடைசிப் பானை.”

“மேடம் விட்டாகளா?”

“படம் எடுக்கப்படாதுன்னு போர்டு இருக்கு. பாவாடை நாடாவால அளக்கப்படாதுன்னு போர்டு இல்லையே! அந்த அம்மா சிரிச்சுட்டு விட்டுருச்சு.”

அண்ணாச்சியின் முகத்தில் ரத்தம் ஏறியது. என் ஸ்கேலை வாங்கி, நாடாவை மேஜையில் நீட்டி அளந்தார். பிறகு விசாரணையை ஆரம்பித்தார்.

“சாஞ்ச பானை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?”

“கெழக்கால” என்றாள் ஒருத்தி. “அடியே, வடக்கால” என்றாள் இன்னொருத்தி. “வாயி மேல பாத்து இருந்துச்சு” என்றாள் மூன்றாமவள். அண்ணாச்சி ஐவரையும் வரிசையாக நிறுத்தினார். “வாயால சொல்லாதீக. நீங்கதான் பானை. சாஞ்சு காட்டுங்க.”

கேட்டுக்கு முன்னால் ஐந்து பெண்கள் ஐந்து திசையில் சாய்ந்து நின்றார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் வந்தது. அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். யாரும் நிமிரவில்லை, அண்ணாச்சி இன்னும் எழுதி முடிக்கவில்லை. முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கடைசியில் மூன்று பேர் ஒரே பக்கம் சாய்ந்ததால் அதுவே தீர்ப்பாயிற்று.

தீபாவளி முடிந்து பத்து நாளில் குழி தயாரானது. அதை மேடத்திடம் காட்ட, பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் அட்டைப்பெட்டி ஒன்றில் பத்திரமாக வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். என்னையும் அழைத்தார். பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைப் பார்த்ததும் விசிலை ஊதிவிட்டார்.

“பெரியவரே, எறங்குங்க. பஸ்ஸுல வெடி ஏத்தப்படாது.”

“வெடி இல்லய்யா.”

“பெறகு உள்ள என்ன?”

“குழி.”

“என்னது?”

“குழி. அஞ்சுக்கு அஞ்சு.”

கண்டக்டர் என்னைப் பார்த்தார், கூட வந்தவன் நான்தான் என்பதால், ஒரு பரிதாபத்தோடு. பெட்டியைத் திறந்து காட்டியபிறகு பஸ் முழுக்க அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி நகர்ந்தது. சாய்ந்த பானையைக் கண்டக்டருக்கு மிகவும் பிடித்துப்போனது. “நெசமாவே விழுந்த மாதிரியே இருக்கு” என்று மூன்று நிறுத்தம் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

மேடம் நெடுநேரம் குனிந்து பார்த்தார். மண் அடுக்கின் நிறங்களைப் பார்த்து தலையை ஆட்டினார். பிறகு தன் வரைபடத்தை எடுத்து வைத்து ஒப்பிட்டார்.

“ஐயா, சாய்வு அப்படியே இருக்கு. எல்லாமே சரி. ஒண்ணே ஒண்ணு, மேற்குச் சுவருக்கும் இந்தப் பானைக்கும் நடுவுல அறுபது சென்டிமீட்டர். ஆறு கண்ணி வரணும். நீங்க அஞ்சு விட்டிருக்கீங்க.”

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து நாடாவை எடுத்தார். மேஜையில் வைத்து அளந்தார். ஐம்பத்திரண்டு. மறுபடி அளந்தார். ஐம்பத்திரண்டு.

மேடம் நாடாவின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை என்னிடம் கொடுத்து, “இழுங்க” என்றார். இழுத்தேன். நாடா நீண்டது. ஸ்கேலை வைத்தார். அறுபது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சரவெடி பின்னுகிற கை. இழுத்து இறுக்காவிட்டால் சரம் நெகிழ்ந்துவிடும். அக்காளும் தங்கையும் குழிக்குள் இறங்கி ஆளுக்கொரு முனையைப் பிடித்து, அளவு தப்பிவிடக் கூடாதே என்று தம் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்; கையை விட்டதும் நாடா சுருங்கிவிட்டது.

“ஒரு கண்ணிதானே அண்ணாச்சி. அந்த மூலையை மட்டும் பிரிச்சுப் போட்டா ரெண்டு நாள் வேலை” என்றேன்.

அவர் நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

“வேண்டாம் தம்பி.”

“தப்புன்னு தெரிஞ்சுபோச்சே?”

“தெரிஞ்சுபோச்சு. இருந்துட்டுப் போகட்டும்” என்று சொல்லிப் பெட்டியை மூடினார்.

இப்போது நான் விருதுநகரில் ஒரு பிரஸ்ஸில் இருக்கிறேன். அண்ணாச்சி ஓய்வு பெற்றுவிட்டார். கரப்பான் தின்ற முதல் குழி போக, மற்ற ஆறும் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. ஏனம், பாத்திரம் வைத்திருந்த அலமாரித் தட்டைக் குழிக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறேன் என்று மதினிக்கு இன்னும் வருத்தம். தீபாவளிக்குத் தீபாவளி போவேன். பாண்டியம்மாவும் தங்கச்சியோடு வருவாள். ஏழாவது குழியின் முன்னால் நின்று, “அந்த மூலை நாங்க அளந்து குடுத்ததாக்கும்” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வாள். அண்ணாச்சி அவளுக்கு முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தபடி, ஆமா ஆமா என்பார்.

பிறகு அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, “தம்பி, நீங்க எண்ணிப் பாத்தீகளா?” என்று கேட்பார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேற்குச் சுவரிலிருந்து அந்தப் பானை வரை ஒவ்வொன்றாக எண்ணுவேன். ஐந்து வரும். “சரியா இருக்கு அண்ணாச்சி” என்று சொல்வேன்.